தங்கையைப் பறித்த நோயை எதிர்த்து நின்ற தமக்கை

பிள்ளைப்பேற்றுக்கு அரசாங்க உதவித் தொகை வாங்கிய தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம்!

யார் இந்த முத்துலட்சுமி?

புதுக்கோட்டை தந்த புகழ்மிக்க பெண்மணி. சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த செய்தி.

அவருக்கு இன்னொரு லட்சியமும் இருந்தது. அது நிறைவேறுவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. புற்று நோய்க்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்பதே அந்த லட்சியம். அந்தக் கதையை இன்று பார்ப்போம்.

சமஸ்தானத்துச் சிறுமி

புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட ஊர். அம்மன் காசு என்று சொந்தக் காசு அடித்துப் புழங்கிய ஊர்.

அங்கே 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி முத்துலட்சுமி பிறந்தார்.

தந்தை நாராயணசாமி அய்யர். மகாராஜா கல்லூரியின் தலைவராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள். இசையும் நடனமும் வளர்த்த குலத்தில் பிறந்தவர். குலம் மாறி நடந்த திருமணம் என்பதால் தந்தையை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். அந்த வேதனையைப் பார்த்துக் கொண்டே முத்துலட்சுமி வளர்ந்தார்.

பெண் பெரியவளானால் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்பது அன்றைய வழக்கம். பள்ளிக்கூடம் நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. தந்தையே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1902-ல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் முத்துலட்சுமி தேறினார். ஊரே வியந்தது.

அடுத்தது கல்லூரி. ஊரில் இருந்ததோ ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி ஒன்றுதான். ஒரு பெண் அங்கே வருவதா என்று எதிர்ப்பு எழுந்தது. பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று பெற்றோர் சிலர் கூறினர். தாயாரின் குலத்தைச் சுட்டிக் காட்டியும் பேசினார்கள்.

மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இதற்கெல்லாம் செவி சாய்க்கவில்லை. முத்துலட்சுமியைக் கல்லூரியில் சேர்க்க உத்தரவிட்டார். அந்தக் கல்லூரியில் காலடி வைத்த முதல் மாணவி அவர்தான்.

டாக்டர் ஆனார்

1907-ல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளில் டாக்டருக்குப் படித்த இந்தியப் பெண்களை விரல் விட்டு எண்ணி விடலாம். 1912-ல் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று டாக்டர் பட்டத்துடன் வெளியே வந்தார். எழும்பூர் அரசாங்கப் பெண்கள் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாகப் பணி புரிந்தார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சரிசமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதே அவர் போட்ட நிபந்தனை. மாப்பிள்ளை சம்மதித்தார். திருமணம் நடந்தது. இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். மூத்தவர் ராம் மோகன். இளையவர் கிருஷ்ணமூர்த்தி.

தொழில் நன்றாக நடந்தது. குடும்பம் சிறந்தது. அப்போதுதான் அந்த இடி விழுந்தது.

தங்கையின் மரணம்

முத்துலட்சுமிக்கு ஒரு தங்கை. அக்காள் தூக்கி வளர்த்த பெண். இளம் வயதிலேயே அவளுக்குப் புற்று நோய் கண்டது.

அக்காள் டாக்டர். அத்தான் டாக்டர். சென்னை நகரில் அவர்களுக்குத் தெரியாத பெரிய வைத்தியர்கள் இல்லை. இருந்தும் பயன் என்ன? நோயைத் தடுத்து நிறுத்தும் வழி யாரிடமும் இல்லை. தங்கை படும் பாட்டை அக்காள் பக்கத்திலிருந்து பார்த்தார். தங்கை கண்ணை மூடினாள்.

இத்தனை படித்த தன் வீட்டிலேயே இப்படி என்றால், நாட்டுப்புறத்து ஏழை வீட்டில் இந்த நோய் வந்தால் என்ன ஆகும்? இந்த எண்ணம் முத்துலட்சுமியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கடைசி வரையில் அது அவரை விடவே இல்லை.

1925-ல் அரசாங்க உதவிச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்றார். பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றி அங்கே மேற்படிப்புப் படித்தார்.

லண்டனில் புற்று நோய்க்கு என்றே தனி ஆஸ்பத்திரி 1851-லேயே தோன்றியிருந்தது. அதை நிறுவியவர் டாக்டர் வில்லியம் மார்ஸ்டன். அவருடைய மனைவி 1846-ல் புற்று நோயால் இறந்தார். அந்தத் துயரத்தில் அவர் தொடங்கியதே அந்த ஆஸ்பத்திரி.

பம்பாயிலும் இதே கதைதான். தொழிலதிபர் தோராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் ரத்தப் புற்று நோயால் 1931-ல் இறந்தார். 1941-ல் அங்கே டாட்டா நினைவு ஆஸ்பத்திரி எழுந்தது.

மார்ஸ்டன் மனைவியைப் பறிகொடுத்தார். டாட்டாவும் மனைவியைப் பறிகொடுத்தார். முத்துலட்சுமி தங்கையைப் பறிகொடுத்தார். டாட்டாவிடம் பணம் இருந்தது. முத்துலட்சுமியிடம் அது இல்லை!

சட்டசபையில் ஒரு பெண்

இங்கிலாந்திலிருந்து திரும்பியதும் வேறு பொறுப்பு வந்து சேர்ந்தது. 1926-ல் சென்னை சட்டசபைக்கு நியமனம் பெற்றார். 1927-ல் சபையின் உபதலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று சபையில் குரல் கொடுத்தார். கடும் எதிர்ப்பு எழுந்தது. அவர் அசரவில்லை. 1929-ல் ஒரு சட்டம் வந்தது. கோயில் ஊழியம் செய்யாமலே மானிய நிலங்களை அந்தப் பெண்கள் தங்களுக்கே வைத்துக் கொள்ள அந்தச் சட்டம் வழி செய்தது. பொட்டுக் கட்டுவதையே அடியோடு தடுக்கும் சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது.

1930-ல் காந்தியடிகள் கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை உதறினார். அதே ஆண்டில் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் தங்கையின் நினைவு மறையவில்லை.

இது என்ன நோய்?

இங்கே நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்வோம்.

நம் உடல் கோடி கோடி நுண்ணிய அணுக்களால் ஆனது. பழைய அணுக்கள் அழியும். புதியவை தோன்றும். எல்லாம் ஓர் ஒழுங்கில் நடக்கும். ஏதோ ஓர் இடத்தில் சில அணுக்கள் ஒழுங்கு தவறி, கட்டுக்கு அடங்காமல் பெருகத் தொடங்கினால் அதுவே புற்று. அது பக்கத்து உறுப்புகளை அரிக்கும். ரத்தத்தின் வழியாகத் தொலைவான இடங்களுக்கும் பரவும்.

பெண்களுக்குக் கருப்பையின் வாயில் வரும் புற்று நம் நாட்டில் நெடுங்காலமாகப் பெரும் கொலையாளி. கருப்பையின் உட்புறத்திலும், சினைப்பையிலும் கூடப் புற்று வரும்.

கட்டியைப் பார்த்த மாத்திரத்தில் அது புற்றா இல்லையா என்று சொல்லி விட முடியாது. அதற்கு என்றே ஒரு டாக்டர் இருக்கிறார். அவர் பெயர் பாதாலஜிஸ்ட். நோயாளி அவரைப் பார்ப்பதே இல்லை. ஊசி போடுகிறவர் அவர் அல்ல. கத்தி எடுக்கிறவரும் அல்ல. கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த சிறு சதைத் துணுக்கு அவரிடம் போகும். அதை மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். அவர் சொன்ன பிறகே மற்ற டாக்டர்கள் கத்தியை எடுப்பார்கள். கதிர்ச் சிகிச்சையைத் தொடங்குவார்கள்.

கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பாப்பனிகொலாவ் என்பவர் இந்தத் துறையில் ஒரு புதுமை செய்தார். புற்று முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா என்று ஆராய்ந்தார். கருப்பை வாயிலிருந்து சிறிது நீரை வழித்து எடுத்து, அதில் உதிர்ந்துள்ள அணுக்களைப் பார்த்தாலே போதும் என்று 1928-ல் அறிவித்தார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய மனைவியே பல ஆண்டுகள் தம் உடலிலிருந்து மாதிரி எடுத்துக் கொடுத்து ஆராய்ச்சிக்கு உதவினார். 1943-ல் அவருடைய புத்தகம் வெளிவந்த பிறகே உலகம் ஒப்புக் கொண்டது. பாப் பரிசோதனை என்று இன்று ஆஸ்பத்திரிகளில் சொல்வது அவர் பெயரைச் சுருக்கித்தான்!

கதவைத் தட்டினார்

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு நூறு வயது நிறைந்தது. அந்த விழாவில் பழைய மாணவி முத்துலட்சுமி பேசினார். புற்று நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்ற கோரிக்கையை அங்கே வைத்தார்.

காரியம் நடக்கவில்லை. யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்தது. சுதந்திரமும் வந்தது. ஆஸ்பத்திரி மட்டும் வரவில்லை.

புற்று வந்தால் சாவு நிச்சயம், சாகப் போகிறவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்கள் அந்நாளில் இருந்தார்கள். அரசாங்கத்திடம் கேட்டுக் கேட்டு அலுத்தது. இனி மக்களிடமே கேட்போம் என்று முத்துலட்சுமி முடிவு செய்தார்.

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்று நோய் நிவாரண நிதி தொடங்கியது. அப்போது அவருக்கு 60 வயதைத் தாண்டி விட்டது. அந்த வயதில் பெரிய மனிதர்களிடமும் சாதாரண மக்களிடமும் நிதி கேட்டுப் போனார். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டராகி, வெளிநாட்டில் புற்று நோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். தாயின் லட்சியத்துக்கு மகன் தோள் கொடுத்தார்.

1952-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி, பிரதமர் நேரு அடையாற்றில் அஸ்திவாரக் கல் நாட்டினார்.

1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி, புற்று நோய் ஆஸ்பத்திரி வேலையைத் தொடங்கியது. கால்வாய்க் கரையில் ஒரு சிறிய கட்டடம். 12 படுக்கைகள். விரல் விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். அவ்வளவுதான்! புற்று நோய்க்கு என்றே தென்னாட்டில் எழுந்த முதல் ஆஸ்பத்திரி அதுவே.

தங்கை இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தமக்கையின் எண்ணம் ஈடேறியது.

வேலையை விட்டு வந்த இளம் டாக்டர்

அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரலில், ஓர் இளம் பெண் டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். பெயர் சாந்தா. விஞ்ஞானி சி.வி. ராமனின் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெண்கள் மருத்துவத்தில் உயர்ந்த பட்டம் பெற்றவர். அரசாங்கப் பெண்கள் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை காத்திருந்தது. நல்ல சம்பளம், நிலையான உத்தியோகம், பென்ஷன்!

அதை வேண்டாம் என்றார். 12 படுக்கை ஆஸ்பத்திரிக்கு வந்தார். அந்த வளாகத்திலேயே குடியிருந்தார். நோயாளிகளே குடும்பம் என்று வாழ்ந்தார்.

கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் சேர்ந்து அந்தச் சிறிய இடத்தை வளர்த்தார்கள். கட்டியின் மீது கதிரைப் பாய்ச்சும் கோபால்ட் இயந்திரம் 1950-களிலேயே அங்கே வந்து விட்டது. கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை முக்கியமான சிகிச்சை. கத்தி வைக்க முடியாத நிலையில் வந்த பெண்கள் கூட அதனால் பிழைத்தார்கள்.

பிழைத்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். புற்று வந்தும் உயிரோடு வந்திருக்கிறாளே என்று ஊரார் பார்த்தார்கள். சாவு நிச்சயம் என்று சொன்னவர்களுக்கு அதுவே பதிலாக அமைந்தது.

யாருக்கு, எந்த இடத்தில், எந்த வயதில் புற்று வருகிறது என்று கணக்கெடுக்கும் பதிவேட்டையும் அந்த ஆஸ்பத்திரி 1980-களில் சென்னையில் தொடங்கியது. சென்னைப் பெண்களிடையே ஒரு காலத்தில் கருப்பை வாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்தது. பின்னர் அது குறைந்து, மார்பகப் புற்று மேலே ஏறியது. இந்த உண்மையை அந்தக் கணக்கே எடுத்துக் காட்டியது.

எட்டு நாள் குறைவு

முத்துலட்சுமி அம்மையாருக்கு 1956-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி அவர் காலமானார். இன்னும் எட்டு நாள் இருந்திருந்தால் 82 வயது நிறைந்திருக்கும்.

மகன் கிருஷ்ணமூர்த்தி 2010-ல் மறைந்தார். டாக்டர் சாந்தா 2021-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி, 93-வது வயதில் காலமானார். கடைசி நாட்கள் வரை அவர் அந்த ஆஸ்பத்திரிப் பணியை விடவில்லை. 12 படுக்கைகளுடன் தொடங்கிய இடத்தில் இன்று 500-க்கு மேற்பட்ட படுக்கைகள். வருகிற நோயாளிகளில் பலர் ஏழைகள்.

தாய்மார்களே, கேளுங்கள்!

முத்துலட்சுமி அம்மையார் காலத்தில் தெரியாத ஓர் உண்மை இப்போது தெரியும். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் ஒரு கிருமி. ஜெர்மானிய டாக்டர் ஹரால்டு சூர் ஹவுசன் 1983-ல் இதைக் கண்டுபிடித்தார். அதற்காக 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி தொற்றிய எல்லோருக்கும் புற்று வருவதில்லை. பெரும்பாலோர் உடலில் அது தானாகவே மறைந்து விடும். சிலருக்கு மட்டும் தங்கி, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் புற்றாக மாறுகிறது. அதாவது, நோய் முற்றுவதற்கு முன் நமக்கு நிறைய அவகாசம் இருக்கிறது!

அந்தக் கிருமியைத் தடுக்க ஊசி உண்டு. 9 முதல் 14 வயதுக்குள் உள்ள சிறுமிகளுக்கு அதைப் போடுவது சிறந்தது.

முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பரிசோதனை உண்டு. மிகவும் எளிய முறை ஒன்றைச் சொல்கிறோம். புளிக்காடியில் உள்ள அமிலத்தை நீரில் கலந்து கருப்பை வாயில் தடவுவார்கள். கோளாறு உள்ள இடம் வெள்ளையாக மாறும். பயிற்சி பெற்ற நர்ஸே பார்த்துச் சொல்லி விடுவார். சில நிமிட வேலை. சந்தேகம் இருந்தால் மட்டும் துணுக்கு எடுத்து பாதாலஜிஸ்டுக்கு அனுப்புவார்கள்.

இது பலன் தருமா? திண்டுக்கல் மாவட்டத்திலேயே சோதித்துப் பார்த்தார்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களை இந்த முறையில் பரிசோதித்தார்கள். 2007-ல் முடிவு வெளியாயிற்று. இந்தப் பரிசோதனை கிடைத்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றினால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. உலக டாக்டர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை: மாதவிலக்கு நின்ற பிறகு மீண்டும் ரத்தம் படுதல். இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவில் ரத்தம் படுதல். கணவன் மனைவி உறவுக்குப் பின் ரத்தம் படுதல். துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல். இவை எல்லாமே புற்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மாதக் கணக்கில் காத்திருக்காதீர்கள். வீட்டு ஆண்களும் இதைத் தெரிந்து கொண்டு, மனைவியை, தாயை, அக்காளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் பரிசோதனையை இலவசமாகவே செய்கிறார்கள்.

முத்துலட்சுமி அம்மையாரின் தங்கை வாழ்ந்த காலத்தில் இந்த வழிகள் இல்லை. டாக்டரான அக்காள் அருகில் இருந்தும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. இன்று வழி இருக்கிறது. புதுக்கோட்டைச் சீமையில் ஏதாவது ஒரு கிராமத்தில் ஒரு தங்கை நேரத்தோடு பரிசோதனைக்குப் போய்ப் பிழைத்தால், அதை விட அம்மையாருக்கு நாம் செய்யக்கூடிய நன்றி வேறு இல்லை.